கோட்டையும் ஊரும்: நமது கரையோரத்தின் கதை

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஒரு வைத்தியரை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார் என்றே எல்லோரும் எதிர்பார்ப்பார்கள். நூற்றாண்டு விழாவில் உங்களைப் பயமுறுத்த வேண்டாம் என்று எங்கள் தொகுதித் தோழியர் கூடித் தீர்மானித்துவிட்டோம். ஆகவே எங்கள் தொகுதியின் சார்பில் இன்று நமது கரையோரத்தின் கோட்டையையும் பழைய பட்டினங்களையும் பற்றிச் சில வார்த்தைகள் பேச விரும்புகிறோம். முடிவில் சிறிதளவு வைத்தியமும் வரும், பொறுத்தருளுங்கள்.

இந்தத் தலைப்பு வந்ததற்குக் காரணம் வெளிநாடுகளில் வாழும் நம் சகோதரிகள்தான். சுவிற்சர்லாந்திலிருக்கும் தோழியர் விடுமுறை நாட்களில் பிள்ளைகளோடு கோட்டைகளைப் பார்க்கப் போய்ப் படம் அனுப்புகிறார்கள். ஜெனீவா ஏரியின் கரையில் தண்ணீரிலேயே எழும்பி நிற்பது போன்ற சியோன் கோட்டை, தெற்கே பெலின்சோனா நகரின் மூன்று கோட்டைகள் என்று எல்லாம் மிக அழகானவை. பெலின்சோனாக் கோட்டைகளை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. இவற்றைப் பார்த்த பிள்ளைகள், "அம்மா, உங்கட ஊரில் கோட்டை இருக்கா?" என்று கேட்கிறார்களாம். இருக்கிறது என்பதைச் சொல்லவே இந்த உரை.

கோட்டை என்றால் அரசனும் சிம்மாசனமும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் கோட்டைகளில் பலவற்றைக் கட்டியது வழியை மறிக்கத்தான். சியோன் கோட்டை நிற்கும் இடத்தில் மலைக்கும் ஏரிக்கும் நடுவே ஒரு பாதைக்குத்தான் இடமுண்டு. இத்தாலிக்குப் போகும் வணிகர் அந்த வழியால்தான் போக வேண்டும். அவர்களிடம் சுங்கம் அறவிட்டுச் சவோய் பிரபுக்கள் செழித்தார்கள். 1536இல் பேர்ண் நகரத்தார் அதைக் கைப்பற்றினார்கள். பெலின்சோனாவும் அப்படியே அல்ப்ஸ் கணவாய்களுக்குப் போகும் பள்ளத்தாக்கை மறித்து நிற்கிறது. வழி எங்கே ஒடுங்குகிறதோ அங்கே ஒருவன் பூட்டுப் போடுகிறான்.

இனி நம் பக்கத்து வரைபடத்தை மனக்கண்ணில் விரித்துப் பாருங்கள். புத்தளம் களப்பு ஒரு பக்கம், இந்து சமுத்திரம் மறு பக்கம், நடுவே வடக்கு நோக்கி நீண்ட மணல் நாக்கு. அதன் வடமுனையை அண்டிக் கற்பிட்டி. களப்புக்குள் போகும் தோணிகளும் வரும் தோணிகளும் அந்த வாயிலைக் கடந்தாக வேண்டும். ஆகவே பூட்டு அங்கே போடப்பட்டது.

கற்பிட்டியில் முதலில் வணிகரான முஸ்லிம்கள் இருந்தார்கள். பின்னர் போர்த்துக்கேயர் வந்தார்கள். இயேசு சபைத் துறவிகள் ஒரு சிற்றாலயமும் கட்டினார்கள். கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் துணையென்று வந்த ஒல்லாந்தர் 1659இல் இவ்விடத்தைப் பிடித்தார்கள். பிடித்ததை மன்னனிடம் கொடுப்பதுதான் பேச்சு. அவர்களோ கொடுக்கவில்லை. 1667இல் கோட்டை கட்டத் தொடங்கி 1676இல் முடித்தார்கள். ஏறக்குறையச் சதுரமான கோட்டை, நான்கு மூலைகளிலும் கொத்தளங்கள், சுமார் நான்கு மீற்றர் உயரச் சுவர். சுவருக்குக் கல் வேறெங்கிருந்தும் வரவில்லை. நம் கடலின் பவளப்பாறையும் சுண்ணாம்புக் கல்லும்தான். நுழைவாயில் வளைவு மட்டும் செங்கல்லால் ஆனது. உள்ளே படைவீரர் தங்குமிடம், தளபதி வீடு, களஞ்சியம், சிறை எல்லாம் இருந்தன. அங்கிருந்து வெளியே உள்ள பழைய ஒல்லாந்தத் தேவாலயத்துக்குச் சுரங்கப்பாதை உண்டென்று ஊரார் சொல்வதை நாமெல்லோரும் சிறுவயதில் கேட்டிருக்கிறோம்.

இத்தனை சிரமப்பட்டு ஏன் கட்டினார்கள்? கண்டி இராச்சியம் மலைக்குள் இருந்தது. மலையில் நெல் விளையும், கமுகு விளையும், உப்பு விளையாது. உப்பும் கருவாடும் துணியும் கடற்கரையிலிருந்துதான் மலையேற வேண்டும். புத்தளத்துக்கு அந்தப் பெயரே "உப்புத்தளம்" என்பதிலிருந்து வந்ததென்று சொல்வோரும் உண்டு. கற்பிட்டியைப் பூட்டினால் மன்னனின் கடல் வாணிபம் பூட்டப்படும், கண்டியின் அடுப்படிவரை அதன் கை நீளும். 1761 முதல் கண்டியருக்கும் ஒல்லாந்தருக்கும் நடந்த போர் 1766இல் உடன்படிக்கையில் முடிந்தது. மன்னன் கரையோரம் முழுவதன் மீதும் ஒல்லாந்தரின் ஆட்சியை ஏற்க வேண்டியதாயிற்று. அதே உடன்படிக்கையில், சிலாபம், புத்தளம் உப்பளங்களில் கண்டி மக்கள் உப்பு எடுத்துக்கொள்ளலாம் என்ற சலுகையும் இருந்தது. நாம் பாலாவி வழியாகப் பேருந்தில் போகும்போது யன்னலால் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும் உப்புக் குவியல்களுக்குப் பின்னால் இவ்வளவு கதை இருக்கிறது.

கோட்டையோடு நம் சரித்திரம் தொடங்கிவிடவில்லை. கோட்டைக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே, 1344இல், மொரோக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா மாலைதீவிலிருந்து வந்து இந்தக் கரையில் இறங்கினார். அவர் "பத்தாலா" என்று எழுதிய பட்டினம் புத்தளம் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. கரையெங்கும் கறுவா மரங்கள் குவிந்து கிடந்ததாகவும், மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வருவோர் துணிமணிகளைக் கொடுத்து அதைக் கொண்டு போனதாகவும் அவர் எழுதினார். அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி மன்னன் அவருடன் பாரசீக மொழியில் உரையாடி, முத்துகளைக் காட்டி, பாவா ஆதம் மலைக்குப் போகப் பல்லக்கும் துணையாட்களும் கொடுத்து அனுப்பினான். தமிழ் மன்னன், மொரோக்கோ விருந்தாளி, பாரசீகப் பேச்சு, எல்லா மதத்தவரும் ஏறும் மலை: இவை எல்லாம் நம் புத்தளத்தில் ஒரே நாளில் சந்தித்துக்கொண்டன.

தெற்கே வந்தால் சிலாபம். முத்துக்குளிப்பைக் குறிக்கும் "சலாபம்" என்ற சொல்லே ஊர்ப் பெயராயிற்று என்பர். அருகே முன்னேஸ்வரம். 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்த அந்தக் கோயில், 18ஆம் நூற்றாண்டில் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் காலத்தில் மீண்டும் எழுந்தது. இன்றும் திருவிழாக் காலத்தில் தமிழரும் சிங்களவரும் ஒரே வரிசையில் நின்று அர்ச்சனைத் தட்டு ஏந்துகிறார்கள். உடப்பில் திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பு. கற்பிட்டி வீதியில் தலவில அன்னம்மாள் திருத்தலம். ஆண்டுக்கு இருமுறை நடக்கும் பெருநாளுக்கு யார் எந்த மதம் என்று யாரும் கேட்பதில்லை. இவற்றையெல்லாம் நீர்வழியால் கோத்தது ஒல்லாந்தக் கால்வாய். நீர்கொழும்பிலிருந்து சிலாபம், முந்தல் வழியாகப் புத்தளம் களப்புவரை பாதைப் படகுகள் சரக்கேற்றிப் போயின.

சுவிஸ் நாட்டிலிருக்கும் சகோதரிகளுக்கு இங்கே ஒரு செய்தி வைத்திருக்கிறோம். நொசாத்தெல் என்றொரு நகரம் அங்கே இருக்கிறது. ஏரிக்கு மேலே குன்றில் கோட்டை. அந்த நொசாத்தெலைச் சேர்ந்த ஷார்ள் டானியேல் டி மெரோன் என்பவர் 1781இல் ஒரு படைப்பிரிவைத் திரட்டி ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனிக்குக் கூலிக்குக் கொடுத்தார். அந்தப் படை முதலில் நன்னம்பிக்கை முனையிலும் பின்னர் இலங்கையிலும் காவல் நின்றது. 1795இல் ஆங்கிலேயர் தங்கள் ஆள் ஹியூ கிளெக்ஹோனை அனுப்பி, டி மெரோனோடு நேரே பேசி, படையை அப்படியே தங்கள் பக்கம் வாங்கிவிட்டார்கள். அதே ஆண்டு நவம்பரில் கற்பிட்டிக் கோட்டை சண்டையில்லாமல் ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. அடுத்த பெப்ரவரியில் கொழும்பும் போயிற்று. நொசாத்தெலின் பழைய அரும்பொருட் சேகரிப்பு, 1795இல் அதே டி மெரோன் தம் ஊருக்குக் கொடுத்த பொருட்களிலிருந்து தொடங்கியது. ஆகவே அங்குள்ள நம் பிள்ளைகள் கோட்டை பார்க்கப் போகும்போது, அந்த ஊர் இளைஞர்கள் வயிற்றுப்பாட்டுக்காக நம் நாட்டுக்கு வந்து காவல் நின்ற காலம் ஒன்று இருந்தது என்று சொல்லிக்கொடுங்கள். வேலை தேடிக் கடல் கடந்து போவது தங்கள் தாய் தகப்பனோடு தொடங்கியதல்ல என்று அவர்கள் அறிந்துகொள்ளட்டும்.

கற்பிட்டியில் ஆங்கிலேயர் 1859வரை படை வைத்திருந்தார்கள். பிறகு பூட்டுக்கு வேலையில்லாமல் போயிற்று. கண்டியும் அவர்களுடையது, கரையும் அவர்களுடையது. பூட்டுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. கோட்டை அமைதியாயிற்று. ஊர் மட்டும் தன் பாட்டுக்கு மீன் பிடித்தது, வெங்காயம் நட்டது, பிள்ளை பெற்று வளர்த்தது. இன்று கோட்டை கடற்படையின் பொறுப்பிலுள்ள இடத்தில் நிற்கிறது. அனுமதி பெற்றுப் பார்க்கலாம்.

அந்தக் கோட்டையில் எத்தனையோ தளபதிகள் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் பெயராவது நமக்குத் தெரியுமா? தெரியாது. ஆனால் அந்தக் கோட்டை நிழலில் 1807இல் பிறந்த ஒருவரைத் தமிழுலகம் அறியும். அவர்தான் சைமன் காசிச்செட்டி. புத்தளத்தில் மணியகாரராக இருந்தார், சட்டசபையில் அமர்ந்தார், சிலாபத்தில் நீதிபதியானார். 1834இல், தமது 27ஆம் வயதில், இலங்கையின் ஊர்களையும் ஆறுகளையும் மக்களையும் அகரவரிசையில் திரட்டிச் "சிலோன் கசற்றியர்" என்ற நூலை வெளியிட்டார். 1859இல் தமிழ்ப் புலவர்களின் வரலாறுகளைத் தொகுத்துத் "தமிழ் புளூட்டாக்" என்ற நூலைத் தந்தார். கோட்டையிலிருந்து படை போனதும் அந்த நூல் வந்ததும் ஒரே ஆண்டில். அவரை நம்பித்தான் இன்றும் பலர் நம் கரையின் பழங்கதையைப் பேசுகிறார்கள். ஏனென்றால் அவர் கேட்டார், எழுதினார், அச்சிட்டார்.

எழுதப்படாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் சில நாட்களுக்குள் வெளியேற்றப்பட்டார்கள். மன்னார்ப் பக்கத்தவர் பலர் வள்ளங்களில் ஏறிக் கடல் வழியாகக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். பூட்டுப் போடக் கட்டிய கோட்டை பார்த்திருக்க, அந்த வாயிலால் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஊர் வாயிலைத் திறந்து வைத்தது. பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோப்புகளும் வீடாயின. ஏற்கெனவே வறுமைப்பட்ட ஊர். தண்ணீருக்கும் வேலைக்கும் நிலத்துக்கும் பின்னர் மனத்தாங்கல்கள் வந்தது உண்மை. வந்தவர்களுக்கும் இருந்தவர்களுக்கும் அது இலேசான காலமாக இருக்கவில்லை.

அந்த ஆண்டு நாங்கள் சிறு வகுப்பில் இருந்தோம். மூன்று பேர் இருந்த வாங்கில் ஐந்து பேர் இருந்தோம். புத்தகம் இல்லாத பிள்ளைக்குப் பக்கத்துப் பிள்ளை புத்தகத்தை நடுவில் விரித்து வைத்தாள். எங்கள் ஆசிரியை வரவுப் பதிவேட்டில் புதிய பெயர்களைச் சிவப்பு மையால் அல்லாமல் மற்றப் பெயர்களைப் போலவே நீல மையால் எழுதினார். "எல்லோரும் என்ட வகுப்புத்தான்" என்றார். அன்று எங்களுக்கு அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை. இன்று வைத்தியசாலைப் பதிவேடுகளைப் பார்க்கும்போது, ஒரு பெயரை எப்படி எழுதுகிறோம் என்பது எத்தனை பெரிய விஷயம் என்று விளங்குகிறது. அந்த வாங்கில் நெருங்கி இருந்தவர்களில் பலர் இன்று இந்த மண்டபத்திலும் இருக்கிறார்கள், ஆசிரியைகளாக, தாதியராக, தாய்மாராக.

சகோதரிகளே, இனி வாக்களித்தபடி கொஞ்சம் வைத்தியம். கோட்டை எப்போதும் நல்ல தண்ணீர் உள்ள இடம் பார்த்துத்தான் எழும்பும். கற்பிட்டித் தீபகற்பம் முழுவதும் மணல். பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியிலுள்ள உப்புநீருக்கு மேல் மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. ஒல்லாந்தர் குடித்ததும் அதுவே, நம் பூட்டிமார் குடித்ததும் அதுவே. இன்று அதே மணலில் வெங்காயமும் மிளகாயும் மரக்கறியும் ஆண்டு முழுவதும் பயிராகின்றன. அது நம் மக்களின் சோறு, அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இடும் உரத்தில் ஒரு பங்கு மணலால் இறங்கிக் கிணற்றுக்கு வருகிறது. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. கற்பிட்டிப் பகுதியில் நடந்த ஆய்வுகள் பல கிணறுகளில் அந்த அளவைத் தாண்டிய நீரைக் கண்டிருக்கின்றன. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறைந்து குழந்தை நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்றச் செறிவு கூடும். தாய்ப்பாலும், பரிசோதித்த நீருமே வழி. கோட்டைச் சுவரைக் காக்கத் தொல்பொருட் சட்டம் இருக்கிறது. அந்த ஊரை அங்கே நிற்க வைத்த தண்ணீரைக் காப்பது நம் கையில்தான் இருக்கிறது.

மலேரியாவை நினைத்துப் பாருங்கள். நம் அம்மம்மாமார் காலத்தில் இந்தப் பக்கத்துக் காய்ச்சல் என்றாலே நடுக்கம். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வீடு வீடாகப் போய், இரத்தம் எடுத்து, பெயர் எழுதி, விடாமல் பார்த்ததால் கிடைத்தது அது. தண்ணீருக்கும் அப்படிச் செய்யலாம்.

ஆகவே ஒரு வேண்டுகோளுடன் உரையை முடிக்கிறோம். நூற்றாண்டு ஞாபகார்த்தமாக ஒரு பெரிய நுழைவாயில் வளைவு கட்டலாம் என்ற யோசனை சங்கத்தில் பேசப்படுவதை அறிவோம். வளைவு அழகுதான்; பணம் மிஞ்சினால் கட்டுவோம். அதற்கு முன்னர் மூன்று காரியங்கள் செய்வோம் என்று எங்கள் தொகுதி பணிவாக முன்வைக்கிறது.

முதலாவது, நம் பாடசாலையின் பழைய வரவுப் பதிவேடுகளையும் சேர்வுப் பதிவேடுகளையும் கறையானிடமிருந்தும் உப்புக் காற்றிலிருந்தும் காப்பாற்றிப் படம் பிடித்து வைப்போம். நூறு ஆண்டுகளில் இந்தக் கரையோரத்தில் யார் வந்தார்கள், யார் போனார்கள், எந்தப் பெண்பிள்ளை எந்த வகுப்போடு நிறுத்தப்பட்டாள் என்பதெல்லாம் அங்கே இருக்கிறது. அதற்கு நிகரான சரித்திர ஆவணம் கோட்டைக்குள் கிடையாது.

இரண்டாவது, 1990இல் வந்த பெண்களும் அவர்களை ஏற்ற பெண்களும் இன்னும் நம்மோடு இருக்கும்போதே அவர்கள் சொல்வதை எழுதிவைப்போம். விருப்பமுள்ளவர்கள் சொல்லட்டும், பெயர் வேண்டாமென்றால் பெயர் வேண்டாம். வெளிநாட்டிலுள்ள சகோதரிகள் தொலைபேசி வழியாகக் கேட்டுத் தட்டச்சுச் செய்து தரலாம்.

மூன்றாவது, உயர்தர விஞ்ஞானப் பிரிவு மாணவியரைக் கொண்டு பாடசாலைக் கிணற்றையும் அயலூர்க் கிணறுகளையும் ஆண்டுக்கு இருமுறை, மழைக்கு முன்னும் பின்னும், பரிசோதிப்போம். நைத்திரேற்றுப் பரிசோதனைத் தாள்களுக்கான செலவை எங்கள் தொகுதி முதல் மூன்று ஆண்டுகளுக்கு ஏற்றுக்கொள்கிறது.

கல்விச் சுற்றுலாவுக்குக் காலியும் கண்டியும் போகட்டும். ஆண்டுக்கொரு முறையாவது பிள்ளைகள் கற்பிட்டிக்கும் போகட்டும். கோட்டையைச் சுற்றிக் காட்டிவிட்டு, வெளியே அழைத்து வந்து மீன்வாடியையும் உப்பளத்தையும் வெங்காயத் தோட்டத்தையும் காட்டுங்கள். ஊர்க் கிணற்றில் ஒரு வாளி அள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். சரித்திரப் பாடத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நம் பாடசாலை இரண்டாவது நூற்றாண்டிலும் எல்லோரையும் ஒரே மையால் எழுதட்டும்.